ரெட்டைக் கண்ணாடி போட்டா கோவில்பட்டி குளுந்துருமாய்யா?

ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு புலம்பல் பதிவு. கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு. பக்கத்துல ஒரு சொம்பு மோர் வச்சுக்கிட்டுப் படிங்க.

விஷயம் இதுதான். தங்கச்சி மாப்பிள்ளை கோவில்பட்டியில இருக்குற அவரோட வீட்டுல ஜன்னல் எல்லாத்தையும் மாத்தப் போறாராம். மொத்தம் பதினோரு ஜன்னல். எல்லாம் மர ஜன்னல். பாதி கரையான் தின்னது, மீதி மழைக்காலத்துல இறுகிக்கிட்டு வெயில் காலத்துல இளிக்கிறது. மாத்த வேண்டியதுதான், அதுல எனக்குச் சண்டை கிடையாது. ஆனா அவரு கையில ஒரு பளபளா புத்தகம் வச்சிருந்தாரு பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிச்சு.

யு.பி.வி.சி சட்டம், நகர்த்துற கதவு, அதுல ரெட்டைக் கண்ணாடி. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல காத்து அடைச்சிருக்குமாம். 'எனர்ஜி சேவிங்' ஜன்னலாம். போட்டா வீடு குளுகுளுன்னு இருக்கும், ஏ.சி பில்லு பாதியாக் குறையும்னு விக்க வந்தவரு சத்தியம் பண்ணாத குறையாச் சொல்லிட்டுப் போயிருக்காரு. புத்தக அட்டையில வீடு, வீட்டு மேல வெள்ளை வெளேர்னு பனி!

"மாப்ள, நம்ம ஊர்ல எந்த வருஷம் பனி கொட்டுச்சு?"ன்னு கேட்டேன்.

"மச்சான், நீங்க எதைச் சொன்னாலும் இப்படித்தான் மடக்குவீங்க. உலகமே இதைத்தான் போடுது"ன்னுட்டாரு.

உலகமே போடுதுங்குறது ஒரு காரணமாய்யா? உலகமே கம்பளிச் சட்டைகூடத்தான் போடுது. சித்திரை மாசம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல போட்டுக்கிட்டு நிப்போமா?

இதுல நான் ஒண்ணும் யோக்கியன் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடுறேன். நாலு வருஷத்துக்கு முன்னால எங்க வீட்டுல இதே கூத்தைப் பண்ணினவன்தான் நான். ரெட்டைக் கண்ணாடி இல்ல, ஒத்தைக் கண்ணாடி. அம்மா படுக்குற மேற்கு அறையில இருந்த நாலு கதவு மர ஜன்னல் ரெண்டையும் பேத்து எடுத்துட்டு, லேசா கறுப்படிச்ச கண்ணாடி வச்சு நகர்த்துற ஜன்னல் போட்டேன். பாக்க அம்சமா இருந்துச்சு. வர்றவன் போறவன் எல்லாம் 'பட்டணத்து வீடு மாதிரி இருக்கே'ன்னான். எனக்கும் பெருமை தாங்கல.

அடுத்த மே மாசம் பெருமை இறங்கிடுச்சு. ஒரு நாள் மத்தியானம் மூணு மணிக்குக் கரண்ட் போயி அஞ்சரைக்குத்தான் வந்துச்சு. நான் வெளிய போயிட்டுத் திரும்பி வந்து பாத்தா, அம்மா தார்சாவுல தரையில ஈரத்துண்டை விரிச்சுப் படுத்துக் கிடக்காங்க. எழுபத்தெட்டு வயசு. உதடு காஞ்சு போயி, பேச்சே வரல. உப்பும் சீனியும் போட்டுத் தண்ணி குடுத்து, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி, ராத்திரி எட்டு மணிக்குத்தான் ஆள் தெளிஞ்சாங்க. தெளிஞ்சதும் அவங்க சொன்ன முதல் வார்த்தை:

"ஏ அய்யா, அந்த ஜன்னலு கண்ணுக்குத்தான் தொறந்திருக்கு, மூக்குக்கு அடைச்சிருக்கு."

இதுக்கு மேல ஒரு இன்ஜினியர் என்னத்தச் சொல்லிடப் போறாரு? அன்னைக்குத்தான் நான் இந்த ஜன்னல் விவகாரத்தைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைத்தான் இங்க கொட்டப் போறேன். (இப்ப ஓடிடாதீங்க, கணக்கு எல்லாம் அஞ்சாம் கிளாஸ் கணக்குதான் :-))

முதல்ல, இந்த ரெட்டைக் கண்ணாடி எங்க இருந்து வந்துச்சுங்குறது. குளிர் நாடுகள்ல வீட்டுக்குள்ள சூடு போட்டு வாழணும். வெளிய பூஜ்யத்துக்குக் கீழ, உள்ள இருபது டிகிரி. அந்த இருபது டிகிரிக்குக் காசு செலவழியுது. 1973-ல எண்ணெய் விலை எகிறினதும் அங்க எல்லாருக்கும் வயித்தைக் கலக்கிடுச்சு. உள்ள இருக்குற சூட்டை ஜன்னல் வழியா வெளிய விடாம எப்படிப் பிடிச்சு வைக்கிறதுன்னு மூளையைக் கசக்கினாங்க. ரெட்டைக் கண்ணாடி அவங்ககிட்ட அதுக்கு முன்னாலயே இருந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் அது இன்னும் பரவி, மேல பூச்சு பூசின கண்ணாடி எல்லாம் கடைக்கு வந்துச்சு. அவங்க ஊருக்கு அது அருமையான பொருள். உள்ள இருக்குற சூட்டைக் காப்பாத்துற பொருள். நம்ம ஊருல உள்ள இருக்குற சூட்டை என்னத்துக்கய்யா காப்பாத்தணும்? அதை வெளிய தள்ள முடியலைன்னுதானே ஊரே மொட்டை மாடியில படுக்குது!

'சூடு உள்ள வராமயும் தடுக்கும்ல?'ன்னு மாப்ள கேட்டாரு. நல்ல கேள்வி. அதுக்குத்தான் கணக்கு.

ஜன்னல் வழியா சூடு ரெண்டு விதமா உள்ள வரும். ஒண்ணு, வெளிக்காத்து சூடா இருக்கு, உள்காத்து கொஞ்சம் குளுமையா இருக்கு, அந்த வித்தியாசத்தால கண்ணாடி வழியா ஊறி வர்ற சூடு. இன்னொண்ணு, வெயிலே நேரா கண்ணாடியில விழுந்து உள்ள பாயுறது. முதல் சூட்டுக்கு யு-வேல்யூன்னு ஒரு எண்ணு உண்டு. சாதா ஒத்தைக் கண்ணாடிக்கு அது 5.7 வாக்குல இருக்கும், ரெட்டைக் கண்ணாடிக்கு 2.8 வாக்குல. பாதியாக் குறையுதுன்னு புத்தகத்துல பெருசாப் போட்டிருக்குறது இதைத்தான். ரெண்டாவது சூட்டுக்கு எஸ்.எச்.ஜி.சி-ன்னு வேற ஒரு எண்ணு. கண்ணாடியில விழுற வெயில்ல எவ்வளவு பங்கு உள்ள வருதுங்குறது. சாதா கண்ணாடிக்கு 0.8 சொச்சம். அதாவது ரூபாய்க்கு எண்பது பைசா வெயில் உள்ள வந்துடும். வெறும் ரெட்டைக் கண்ணாடிக்கு 0.7 வாக்குல. இதைப் புத்தகத்துல காணோம். நான் கடைசிப் பக்கம் வரைக்கும் தேடிட்டேன்.

இப்ப மே மாசம், மேற்குப் பக்க ஜன்னல், நாலுக்கு நாலு அடி. சட்டம் போக கண்ணாடி 1.2 சதுர மீட்டர்னு வச்சுக்குவோம். சாயங்காலம் நாலேகால் மணி. மேற்குச் சுவத்துல விழுற வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட்டுக்குக் குறையாது. வெளிய 38 டிகிரி, உள்ள 30 டிகிரி.

ஊறி வர்ற சூடு: 1.2 × 5.7 × 8 = ஏறக்குறைய 55 வாட்.
வெயிலாப் பாயுற சூடு: 1.2 × 600 × 0.8 = ஏறக்குறைய 575 வாட்.

பாத்தீங்களா? பத்து மடங்கு! ஒரு சின்ன அயர்ன் பாக்ஸை அறைக்குள்ள போட்டு வச்ச மாதிரி. இப்ப காசைக் கொட்டி ரெட்டைக் கண்ணாடி மாட்டினா, 55 வாட் 27 ஆகும், 575 வாட் 500 ஆகும். மொத்தம் 630-ல நூறு குறையும். அயர்ன் பாக்ஸ் அப்படியேதான் இருக்கு, சூட்டைக் கொஞ்சூண்டு திருகிக் குறைச்சிருக்கோம், அவ்வளவுதான்.

அதே ஜன்னலுக்கு வெளிய (வெளிய! உள்ள இல்ல!) ஒரு மூங்கில் தட்டியைத் தொங்க விட்டா, வெயில்ல முக்கால்வாசிக்கு மேல கண்ணாடியைத் தொடவே தொடாது. உள்ள திரைச்சீலை போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை: உள்ள திரை போட்டா வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள்ள வந்தாச்சு. திரை சூடாகி, அந்தச் சூடு அறையைத்தான் சுத்தும். திருடன் வீட்டுக்குள்ள வந்த பிறகு கதவைப் பூட்டுற கதை. ஓலைத் தட்டியை வெளிய தொங்க விட்ட நம்ம பாட்டன் படிக்காதவன்தான், ஆனா இந்த விஷயம் அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

அடுத்து, நம்ம ஊருச் சூரியன். கோவில்பட்டி ஒன்பது டிகிரி வட அட்சரேகையைக் கொஞ்சம் தாண்டி இருக்கு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஏப்ரல் 13, 14 வாக்குல, அதாவது சித்திரை பிறக்குற அன்னைக்கு, மத்தியானச் சூரியன் கோவில்பட்டிக்கு நேர் உச்சியில நிக்கும். மறுபடியும் ஆகஸ்ட் கடைசியில, ஆவணி நடுவுல, ஒரு தடவை உச்சிக்கு வரும். இடைப்பட்ட நாலரை மாசமும் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கால நிக்கும். 'வடக்கு ஜன்னல்ல வெயிலே வராது'ன்னு எழுதியிருக்குறது வேற ஊருக்காரனுக்கு.

ஆனா பயப்படாதீங்க. ஜூன் மாசம் மத்தியானம் வடக்கால 76 டிகிரி உயரத்துல சூரியன் இருக்கும். ரெண்டடி சன்ஷேடு ஏழெட்டு அடி நிழல் போட்டுடும். தெற்கு ஜன்னல்ல டிசம்பர் மத்தியானம் அதே ரெண்டடி சன்ஷேடு மூணடி நிழல் போடும், அப்ப வெயில் கொஞ்சம் உள்ள வந்தாலும் குடி முழுகிப் போயிடாது. ஆகவே வடக்கு, தெற்கு ஜன்னலுக்கு ஒழுங்கான சன்ஷேடு இருந்தாப் போதும். மந்திரக் கண்ணாடி எதுவும் வேணாம்.

கிழக்கும் மேற்கும்தான் வில்லங்கம். மே மாசம் நாலேகால் மணிக்குச் சூரியன் 31 டிகிரி உயரத்துல சாஞ்சு நிக்கும். ரெண்டடி சன்ஷேடு ஒண்ணேகால் அடி நிழல்தான் போடும். மீதி ரெண்டே முக்கால் அடி கண்ணாடி வெயிலுக்குத் திறந்த வாசல். இங்கதான் தட்டி வேணும், மரக்கதவு வேணும், இல்ல ஒரு வேப்பமரம் வேணும் (சுவத்தை ஒட்டி வேணாம், ஏன்னு பின்னால சொல்றேன்). மாப்ள வீட்டுப் பதினோரு ஜன்னல்ல மேற்குப் பக்கம் இருக்குறது மூணுதான். விக்க வந்தவரு திசை எதுன்னுகூடக் கேக்கலையாம். பதினொண்ணுக்கும் ஒரே சரக்கு, ஒரே விலை. வைத்தியர் நாடி பாக்காம வீட்டுல உள்ள எல்லாருக்கும் ஒரே மாத்திரை குடுத்தா ஒத்துக்குவோமா?

இப்ப வயித்தெரிச்சலான விஷயத்துக்கு வர்றேன். காத்து.

கோவில்பட்டியில இருந்து திருநெல்வேலி போற வழியில கயத்தாறு பக்கம் எத்தனை காத்தாடி நிக்குதுன்னு பாத்திருப்பீங்க. காத்தாடியைச் சோதிச்சுப் பாக்குறதுக்குன்னே மத்திய அரசோட சோதனை நிலையம் அங்கதான் இருக்கு. ஏன் அங்க வச்சான்? மலைக் கணவாய் வழியா வர்ற தென்மேற்குக் காத்து வைகாசி கடைசியில ஆரம்பிச்சு புரட்டாசி வரைக்கும் பிச்சுக்கிட்டு அடிக்கும்ங்குறதாலதான். தமிழ்நாட்டுல நிக்குற காத்தாடிகளோட மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல. அதுல நம்ம சீமைக் காத்துக்கு நல்ல பங்கு உண்டு.

அந்தக் காத்தை நாம என்ன பண்றோம்? நகர்த்துற கண்ணாடியைப் போட்டு அடைக்கிறோம். அடைச்சதும் புழுங்குது. புழுங்கினதும் ஏ.சி வாங்குறோம். ஏ.சிக்குக் கரண்ட் எங்க இருந்து வருது? கயத்தாறு காத்தாடியில இருந்தும்தான் வருது! வீட்டு வாசலுக்குச் சும்மா வந்த காத்தை 'போ வெளிய'ன்னு தள்ளிட்டு, அதே காத்தைக் கம்பி வழியா வரவச்சு, யூனிட்டுக்கு இவ்வளவுன்னு காசு குடுத்து வாங்கி, 'எனர்ஜி சேவிங்' ஜன்னல் போட்டிருக்கேன்னு பெருமைப்படுறோம். இந்தக் கொடுமையை யாருகிட்ட போயிச் சொல்ல?

இதுல நகர்த்துற ஜன்னலோட சூட்சுமம் ஒண்ணு இருக்கு. ரெண்டு கதவுல ஒண்ணு எப்பவும் இன்னொண்ணு பின்னால நிக்கும். ஆகவே எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். இது என் கண்டுபிடிப்பு இல்ல. மத்திய அரசோட எரிசக்தித் திறன் அமைப்பு 2018 டிசம்பர்ல 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'ன்னு வீடுகளுக்கு ஒரு விதித்தொகுப்பு போட்டுச்சு. அதுல ரெண்டு கதவு நகர்த்துற ஜன்னலுக்கு 50 சதவீதம்தான் திறப்புன்னு கணக்கு வைக்கச் சொல்லியிருக்கு. கீல் வச்சுத் திறக்குற கதவுக்கு 90 சதவீதம். அதே தொகுப்புல, நம்மளைப் போல வெக்கையும் ஈரமும் கலந்த மண்டலத்துக்கு, தரைப் பரப்புல 16.66 சதவீதமாவது திறக்குற ஜன்னல் இருக்கணும்னு சொல்லுது. குளிர் மண்டலத்துக்கு எவ்வளவு தெரியுமா? 8.33. சரியாப் பாதி! ஜன்னல் திறக்குறது நமக்கு அவங்களை விட ரெண்டு மடங்கு முக்கியம்னு அரசாங்கமே எழுதி வச்சிருக்கு.

கணக்கு போடுவோம். வீடு மொத்தத்துக்கும் பாக்க வேண்டிய கணக்கு, உதாரணத்துக்கு ஒரு அறையை எடுத்துக்குவோம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை, 144 சதுர அடி. 16.66 சதவீதம்னா 24 சதுர அடி திறக்கணும். நாலுக்கு நாலு ஜன்னல் ரெண்டு இருக்கு. நகர்த்துறதுன்னா 8-ம் 8-ம் 16. தேறல. கீல் கதவுன்னா 14.4-ம் 14.4-ம் 28.8. தாராளமாத் தேறுது. சுவத்துல அதே ஓட்டை, அதே ரெண்டு ஜன்னல். கதவு திறக்குற விதத்துலதான் பாஸும் பெயிலும்.

(இந்தத் தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் உள்ள மனைகளுக்குன்னு எழுதினது. நம்ம மூணு சென்ட், நாலு சென்ட் வீட்டை யாரும் வந்து கேக்கப் போறதில்ல. அதனாலதான் நாமளே கேட்டுக்கணும்ங்குறேன்.)

அப்புறம் நம்ம கரிசல் மண்ணு. ஊரு மண்ணைப் பத்திப் பேசாம ஜன்னலைப் பத்திப் பேசுறவனை நம்பவே நம்பாதீங்க. கரிசல் களிமண்ணு தண்ணி குடிச்சா ஊதும், காஞ்சா சுருங்கி வெடிக்கும். கோடையில காட்டுல கால் போற அளவுக்கு வெடிப்பு ஓடுறதைப் பாத்தவங்களுக்கு நான் சொல்லணுமா? அதே மண்ணு மேலதான் வீடும் நிக்குது. ஐப்பசி மழைக்குத் தூக்கும், பங்குனி வெயிலுக்கு இறக்கும். சுவரு எங்க விரியும்? ஓட்டை இருக்குற இடத்துல. அதாவது ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு கீறல் கிளம்பும். நிலை கோணிக்கும். கதவு பிடிக்கும். 'ஜன்னல் கெட்டுப் போச்சு'ன்னு நாம சொல்லுவோம். ஜன்னல் கெடலய்யா, அஸ்திவாரம் அசையுது!

மரக்கதவு பிடிச்சா ஆசாரி வந்து இழைப்புளியால ரெண்டு இழை இழைச்சு விட்டுட்டு, டீ குடிச்சிட்டுப் போயிடுவாரு. நகர்த்துற ஜன்னல் கோணிக்கிட்டா என்ன பண்ணுவீங்க? கீழ தண்டவாளம் வளைஞ்சு, கதவு பாதியில நின்னுக்கும். இழைக்கவும் முடியாது, ஆசாரியும் வேண்டாம்பாரு. எங்க வீட்டுல ரெண்டாவது மழைக்காலத்துலயே ஒரு கதவு நின்னுடுச்சு. மாட்டிட்டுப் போனவங்களுக்கு ஆறு தடவை போன் பண்ணினேன். 'சுவரு உங்க பொறுப்பு சார்'னாங்க. அவங்க சொன்னதுல தப்பும் இல்லங்குறதுதான் கொடுமை.

ஆகவே கீறல் இருக்குற வீட்டுக்காரங்க ஜன்னலுக்கு முன்னால செய்ய வேண்டியது: குளிக்கிற தண்ணி, மாடித் தண்ணி எதுவும் சுவத்தோரம் தேங்காம வெளிய ஓட விடுங்க. வீட்டைச் சுத்தி நாலடிக்குச் சிமெண்ட் தளம் போடுங்க. சுவத்தை ஒட்டிப் பெரிய மரம் வேணாம், வேர் அஸ்திவாரத்து ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்கிடும். தள்ளி வைங்க, நிழல் தானா வரும். புதுசாக் கட்டுறவங்க, அடியில குமிழ் மாதிரி விரிஞ்ச பைல் அஸ்திவாரம் பத்தி இன்ஜினியர்கிட்ட கேளுங்க. ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்குன்னே உருவாக்கிப் பரப்பினது அது.

கடைசியா ஒரு குண்டு. ஒரு மாடி வீட்டுக்காரங்களுக்குப் பெரிய எதிரி ஜன்னலே இல்ல. தலைக்கு மேல இருக்குற கான்கிரீட். சித்திரை பிறந்ததும் மத்தியானச் சூரியன் நேர் உச்சியிலன்னு சொன்னேன்ல? அப்ப உச்சி நேரத்துல சுவத்துல வெயிலே விழாது. மொத்தமும் மொட்டை மாடியிலதான் விழும். அதே விதித்தொகுப்பு கூரையோட யு-வேல்யூ 1.2-க்கு மேல போகக்கூடாதுங்குது. நம்ம வீட்டு வெறும் கான்கிரீட் கூரைக்கு அது மூணுக்கு மேல. ஜன்னலுக்கு ஒன்றரை லட்சம் எடுத்து வைக்கிற மாப்ள, மாடியில ஒரு சட்டி சுண்ணாம்பு அடிச்சதில்ல. தலையில கொள்ளிய வச்சுக்கிட்டுக் காலுக்குச் சந்தனம் பூசுறாரு.

'அப்ப பழைய காலத்துக்கே போயிடலாம்ங்குறியா?'ன்னு கேப்பீங்க. இல்ல சாமி. நான் கொசுவத்தி சுத்த வரல. தேக்குக்கு இன்னைக்கு யாரு காசு குடுக்குறது? கரையான் அரிக்காத யு.பி.வி.சி நல்ல பொருள்தான், இரும்பு ஜன்னலும் நல்லதுதான். என் சண்டை எந்தப் பொருளோடயும் இல்ல. கரிசல் புழுதி உள்ள வரும்ங்குறதும் நிஜம், ஆடிக்காத்துல ஒரு மணி நேரத்துல தரையில கோலம் போடலாம். கொசுவும் நிஜம். ஹைவே சத்தமும் நிஜம். எல்லாத்துக்கும் சேத்துத்தான் சொல்றேன், காசை இந்த வரிசையில செலவழிங்க:

1. மாடிக்கு வெள்ளை. சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அடிக்கிற பெயிண்டோ, தட்டோடோ. முதல் ரூபாய் இங்க.

2. மேற்கு, கிழக்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கத் தட்டி. சுருட்டி மேல ஏத்துற மாதிரி. காத்து காலத்துல ஏத்திடலாம், இல்ல பிச்சுக்கிட்டுப் போயிடும்.

3. மாத்துற ஜன்னல் எதுவா இருந்தாலும் கீல் வச்சு முழுசாத் திறக்குற கதவு. மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு பிரிச்சா இன்னும் உத்தமம். ராத்திரி கீழ் கதவைச் சாத்திட்டு மேல் கதவைத் திறந்து வச்சுத் தூங்கலாம். நல்ல கொக்கி போடுங்க, ஆடிக்காத்துல படார் படார்னு அடிச்சுக் கண்ணாடி சிதறும். கொசுவலைக்குத் தனிச் சட்டம், கழட்டிக் கழுவுற மாதிரி.

4. மேற்கால வர்ற காத்து கிழக்கால வெளியேற வழி இருக்கணும். ஒத்தை ஜன்னல் மட்டும் திறந்து வச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. பகல் பதினொண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் வெயில் பக்கம் சாத்துங்க, ராத்திரி எல்லாத்தையும் திறங்க.

5. இதுக்கெல்லாம் அப்புறமும் ஒரு அறையில ஏ.சி ஓடும்னா, அந்த அறைக்கு மட்டும் நல்ல கண்ணாடி போடுங்க. எத்தனை கண்ணாடின்னு கேக்காதீங்க, எஸ்.எச்.ஜி.சி எவ்வளவுன்னு கேளுங்க. 0.3 பக்கத்துல சொன்னா யோசிக்கலாம். வெளிச்சம் எவ்வளவு வரும்னும் கேளுங்க, இல்ல பட்டப்பகல்ல லைட் போட்டுக்கிட்டு உக்காரணும். ரப்பர் பட்டை வச்ச கீல் கதவு, நகர்த்துற கதவை விட இறுக்கமாவும் மூடும். திறந்தாலும் ஜெயிக்குது, மூடினாலும் ஜெயிக்குது. சத்தத்துக்காக ரெட்டைக் கண்ணாடி போடுறேன்னா தாராளமாப் போடுங்க, 'சத்தத்துக்காகப் போட்டேன்'னு சொல்லுங்க. குளுமைக்குன்னு சொல்லாதீங்க.

விக்க வர்றவருகிட்ட மூணே மூணு கேள்வி: வெயில்ல எத்தனை பங்கு உள்ள வரும்? ஜன்னல்ல எத்தனை பங்கு திறக்கும்? சுவரு அசைஞ்சா யாரு வந்து பாப்பா? மூணுக்கும் எண்ணோட, எழுத்தோட பதில் சொல்றவரு நல்ல வியாபாரி, அவருகிட்ட வாங்குங்க. பனி வீட்டுப் படத்தைக் காட்டுறவருக்கு மோர் குடுத்து அனுப்பிடுங்க.

இந்த மண்ணுல வெயிலைத் திட்டவும் மனசு வரல. தீக்குச்சி காயணும், வத்தல் காயணும், பருத்தி வெடிக்கணும். இந்த ஊரே வெயில்ல காஞ்சுதான் சோறு தின்னுது. வெயில் வெளிய நிக்கட்டும், காத்து உள்ள வரட்டும்னு வாழத் தெரிஞ்ச சனம் நாம. கண்ணாடியைப் பாத்த மயக்கத்துல அதைத் தலைகீழா மாத்திட்டோம். இப்ப வெயில் உள்ள, காத்து வெளிய.

போன வருஷம் அம்மா அறையில போட்ட நகர்த்துற ஜன்னல் ரெண்டையும் கழட்டினேன். சட்டம் வீணாப் போச்சு, காசும் போச்சு. கீல் வச்ச நாலு கதவு ஜன்னல் போட்டு, வெளிய மூங்கில் தட்டி கட்டி, மாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சேன். வந்த கொத்தனாரு, "அண்ணாச்சி, இதைத்தான நாலு வருஷத்துக்கு முன்னால பேத்து எறிஞ்சீங்க?"ன்னு கேட்டாரு. பதில் சொல்லல. டீ வாங்கிக் குடுத்தேன்.

அம்மா ஒண்ணும் சொல்லல. ஒரு வாரம் கழிச்சு, தார்சாவுல கிடந்த அவங்க கயித்துக் கட்டிலைத் தூக்கிட்டுப் போயி மேற்கு ஜன்னலோரம் போடச் சொன்னாங்க. அவ்வளவுதான்.

மாப்ள இன்னும் முன்பணம் குடுக்கல. வர்ற ஞாயித்துக்கிழமை அம்மா அறையில அவரைச் சாயங்காலம் நாலு மணிக்குக் கொண்டு வந்து உக்கார வைக்கப் போறேன். தட்டியைச் சுருட்டி அரை மணி நேரம், இறக்கி அரை மணி நேரம். அதுக்கு மேலயும் பனி வீடுதான் வேணும்னா, அவரு பாடு, கயத்தாறு காத்தாடி பாடு.

டிஸ்கி: நான் இன்ஜினியர் இல்ல. சூடு பட்ட பூனை. கணக்குல தப்பு இருந்தா இன்ஜினியர் நண்பர்கள் வந்து குட்டலாம், தலையைக் குடுக்கத் தயார். ஆனா ஆட்டோ அனுப்புறதா இருந்தா, ஜன்னல் திறக்குற ஆட்டோவா அனுப்புங்க :-)